பழைய வீடியோ கேசட்ட கம்ப்யூட்டர்ல ஏத்துறது, கிளிப் கிளிப்பா வெட்டுறது: வேலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வடாற்காடு முழுக்க, குடியாத்தத்துலருந்து ஆரணி வரைக்கும், கல்யாண கேசட், காதுகுத்து கேசட், பாரதக் கூத்து கேசட், ஊர்த் திருவிழா கேசட்னு பீரோ மேலயும் பரண்லயும் கெடக்குது. இதயெல்லாம் டிஜிட்டலா மாத்திக் குடுக்குற வேலைய செஞ்சிகினு இருக்கேன். வர்றவங்க, போன் பண்றவங்க எல்லாம் சுத்திச் சுத்தி ஒரே கேள்விங்கதான் கேக்குறாங்க, அதனால மொத்தமா எழுதி வெச்சிட்டேன்.

இத்தன வருஷம் அப்படியே கெடந்துச்சு, இப்ப என்ன அவசரம்?

ரெண்டு மூணு விஷயம் ஒண்ணா சேர்ந்து நம்மள நெருக்குது. மொதல்ல டேப். பிளாஸ்டிக் ஃபிலிம் மேல காந்தத் துகள ஒரு பசை புடிச்சு வெச்சிருக்கும், ஈரமும் சூடும் பட பட அந்தப் பசை இளகும், காந்தப் பதிவும் கொஞ்சம் கொஞ்சமா மங்கும். ரெண்டாவது மெஷின். விசிஆர், அதாவது வீடியோ கேசட் ஓட்டுற மெஷின், செஞ்சிகினு இருந்த கடைசி கம்பெனி ஜப்பான்ல இருந்த ஃபுனாய், அவங்களும் 2016 ஜூலையோட நிறுத்திட்டாங்க. இப்ப உலகத்துல ஓடுற விசிஆர் எல்லாமே பழசு, டேப்ப படிக்கிற ஹெட்டு தேய்ஞ்சா புது ஹெட்டு கெடைக்காது. யுனெஸ்கோ கூட 2019-ல மேக்னெடிக் டேப் அலர்ட்னு ஒரு எச்சரிக்கை விட்டுச்சு, 2025 வாக்குலயே டேப்ப ஓட்டுறதுக்கான மெஷினும் ஆளும் கெடைக்காத நெலம வந்துரும்னு ஆவணக் காப்பகக்காரங்க பேசிகினு இருந்த நேரம் அது. அந்த வருஷத்தயும் தாண்டி வந்துட்டோம்.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். கேசட்ல இருக்கிறவங்கள பாத்து இவரு யாரு, எந்த ஊரு, என்ன ஒறவுன்னு சொல்லத் தெரிஞ்சவங்க கொறைஞ்சிகினே வர்றாங்க. படம் மெஷின்ல பத்திரமா ஏறிட்டாலும் பேர் சொல்ல ஆள் இல்லன்னா பேத்திக்கு அது யாரோ ஒரு கூட்டம்தான்.

என்கிட்ட இருக்கிறது என்ன கேசட்னே தெரியல, எப்படி கண்டுபுடிக்கிறது?

பெரிய கறுப்பு கேசட், ஒரு புத்தகம் சைஸ்ல இருந்தா அது விஹெச்எஸ், டேப் அகலம் அரை இஞ்சு. ஈ-180ன்னு போட்டிருந்தா நார்மல் ஸ்பீடுல 3 மணி நேரம். சில பேர் எல்பி ஸ்பீடுல அத 6 மணி நேரமா இழுத்து ரெக்கார்ட் பண்ணியிருப்பாங்க, அதுல படம் இன்னும் மங்கலா இருக்கும். ஆடியோ கேசட் அளவுக்கு கொஞ்சம் தடிமனா இருந்தா வீடியோ8 இல்ல ஹை8 இல்ல டிஜிட்டல்8, மூணும் வெளிய பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், எந்தக் கேமராவுல எடுத்தாங்கன்னு கேட்டாத்தான் தெரியும். தீப்பெட்டிய விட கொஞ்சம் பெருசா இருந்தா மினிடிவி. யூமேட்டிக், பீட்டாகேம் எல்லாம் வீட்டு கேசட் கெடையாது, பழைய ஸ்டுடியோக்காரங்க, ஆஸ்பத்திரி, காலேஜ் மாதிரி எடத்துல இருந்து வரும்.

அமெரிக்காவுல இருக்கிற சொந்தக்காரங்க அனுப்புன கேசட்டா இருந்தா அத மட்டும் தனியா சொல்லுங்க. நம்ம ஊரு டிவி முறைக்குப் பேரு பால் சிஸ்டம், 625 லைன், வினாடிக்கு 25 ஃப்ரேம். அவங்களது என்டிஎஸ்சி, 525 லைன், ஏறக்கொறைய 30 ஃப்ரேம். ரெண்டும் ஓடுற மல்ட்டி சிஸ்டம் விசிஆர்ல போட்டாத்தான் ஒழுங்கா வரும்.

லாஃப்ட்ல இருந்த கேசட்ட எடுத்த ஒடனே போட்டுப் பாக்கலாமா?

தயவு செஞ்சு வேணாம். வேலூர் வெயில் தெரியும் இல்ல, மே மாசத்துல 40 டிகிரிய சாதாரணமா தாண்டுற ஊரு, அந்த காங்க்ரீட்டுக்கு நேர் கீழ லாஃப்ட்ல இருக்கிற கேசட்டுக்கு இன்னும் அதிகம். அப்பறம் ஐப்பசி கார்த்திகை மழையில அதே எடம் ஈரமாகும். இந்த ரெண்டும் மாறி மாறி அடிச்சா பூஞ்சை வராம இருக்காது. 2021 நவம்பர்ல பாலாத்து வெள்ளம் வந்தப்ப தண்ணி பூந்த வீட்டு கேசட்டுங்க இன்னும் ஒரு படி மேல, உள்ள சேறே இருக்கும்.

கேசட்ட வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு, அந்தக் கண்ணாடி ஜன்னல் வழியா டேப் சுத்தியிருக்கிற ஓரத்தப் பாருங்க. நல்ல டேப்னா கருகருன்னு பளபளப்பா இருக்கும். பூஞ்சை புடிச்சிருந்தா தணல் மேல சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையா, வட்டத்துல ஒரு பக்கமா படர்ந்திருக்கும். அந்த கேசட்ட விசிஆர்ல போட்டீங்கன்னா பூஞ்சை ஹெட்டுக்கு போகும், ஹெட்டுலருந்து அடுத்து போடுற கேசட்டுக்கும் போகும். பூஞ்சை கேசட்ட ஜிப் கவர்ல தனியா போட்டு வெச்சிருங்க. தொறக்கும்போது மாஸ்க் போட்டுக்குங்க, மூச்சுல ஏறுனா நல்லதில்ல. சுத்தம் பண்றது அனுபவம் இருக்கிறவங்க வேலை: டேப்ப ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சில்லாத துணி நடுவுல மெதுவா ஓட்டி எடுக்கணும், அப்பறம் வேற டப்பாவுக்கு மாத்தணும், ஒரு கேசட்டுக்கே பாதி நாள் போயிடும்.

பூஞ்சை இல்லன்னா, ரூம்ல ஒரு நாள் வெச்சிட்டு, ஒரு தடவ முழுசா ஃபார்வர்ட், ஒரு தடவ முழுசா ரீவைண்ட் பண்ணிட்டு அப்பறம் ஓட்டுங்க. பல வருஷமா ஒட்டிகினு இருந்த சுத்து தளர்ந்து, இழுவிசை சமமாகும். டேப் அறுந்திருந்தா சாதா செல்லோ டேப்ப போட்டு ஒட்டாதீங்க, அது பசை கக்கி ஹெட்ட நாசம் பண்ணிரும், ஸ்பிளைசிங் டேப்புன்னு தனியா இருக்கு.

விசிஆர் எங்க கெடைக்கும்? எத வாங்குறது?

புதுசு கெடையாது. பழைய வீட்டுல, பழைய வீடியோ லைப்ரரி வெச்சிருந்தவங்க வீட்டுல, ஆன்லைன் செகண்ட் ஹேண்ட்ல, இல்ல சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விசாரிச்சா கெடைக்கும். காட்பாடியில காலையில ரயில் ஏறி சாயங்காலத்துக்குள்ள திரும்பிடலாம். வாங்கும்போது உங்க கல்யாண கேசட்ட எடுத்துகினு போய் டெஸ்ட் பண்ணாதீங்க, வேண்டாத ஒரு சினிமா கேசட்ட எடுத்துகினு போங்க. போடுறது, எடுக்கிறது, ஃபார்வர்ட், ரீவைண்ட், அப்பறம் ஒரு பத்து நிமிஷம் ப்ளே. டேப்ப வெளிய எடுத்து ஓரத்துல மடிப்பு, சுருக்கம் விழுந்திருக்கான்னு பாருங்க. ரப்பர் ரோலரும் பெல்ட்டும்தான் மொதல்ல போற பாகம், அது மாத்தலாம். ஹெட்டு டிரம் நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்துற சமாச்சாரம், அது போச்சுன்னா மெஷினே போச்சு.

எஸ்-வீடியோ அவுட்புட் இருக்கிற மெஷின் கெடைச்சா விடாதீங்க. மஞ்சள் ஆர்சிஏ ஒயர்ல வெளிச்சமும் கலரும் ஒண்ணா கலந்து வரும், எஸ்-வீடியோவுல ரெண்டும் தனித்தனியா வரும், அதனால ஓரங்கள்ல கலர் ஊறுறது கொறையும். அதே மாதிரி மெனுவுல ப்ளூ பேக்னு ஒண்ணு இருந்தா ஆஃப் பண்ணிருங்க. சிக்னல் கொஞ்சம் பலவீனமானாலே மெஷின் நீலத் திரைய காட்டிரும், அதுக்குப் பின்னாடி பாதி படம் இருந்திருக்கும், உங்க பாட்டி முகம் கூட இருந்திருக்கலாம்.

விசிஆர கம்ப்யூட்டரோட இணைக்க, அறுநூறு எழுநூறு ரூபாய்க்கு கெடைக்கிற ஈஸிகேப்ங்கிற யூஎஸ்பி குச்சி போதுமா அண்ணா?

படம் வரும். ஆனா கேசட் கொஞ்சம் பழசா இருந்தா ஃப்ரேம விட்டுட்டு போகும், அரை மணி நேரம் கழிச்சு பாத்தா வாய் ஒரு பக்கம் அசையுது சத்தம் ஒரு பக்கம் வருது. காரணம் என்னன்னா, டேப்லருந்து வர்ற சிக்னல் ஒரே சீரா வராது, ஒவ்வொரு லைனும் கொஞ்சம் முந்தி பிந்தி வரும். பழைய டிவி அத சகிச்சிகினு காட்டிரும், இந்த சின்ன யூஎஸ்பி குச்சிக்கு அந்த சகிப்பு கெடையாது. அத நேராக்குறதுக்குத்தான் டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமா டிபிசி. தனியா வாங்குனா வெலை அதிகம். கொஞ்சம் மலிவான வழி, பழைய டிவிடி ரெக்கார்டர் ஒண்ண நடுவுல மாட்டுறது. பானாசோனிக் டிஎம்ஆர் இஎஸ்10, இஎஸ்15 ரெண்டும் இதுக்குப் பேர் போனது. அதுல ரெக்கார்ட் பண்ண வேணாம், விசிஆர்லருந்து உள்ள விட்டு எஸ்-வீடியோவுல வெளிய எடுத்தா போதும், கோணலா வளையுற கம்பமெல்லாம் நிமிர்ந்து நிக்கும்.

ஆனா ஏவி-டு-ஹெச்டிஎம்ஐ டப்பாவ மட்டும் நம்பாதீங்க. 4:3 படத்த அகலமா இழுத்து, ஒவ்வொரு ஃப்ரேம்லயும் பாதிப் பாதியா வர்ற ரெண்டு ஃபீல்டயும் தப்பா கலந்து, அத 1080ன்னு காட்டும். விஹெச்எஸ்ல இருக்கிறதே குறுக்கால ஒரு 240 லைன் அளவு விவரம்தான், அத 1080 ஆக்குறதால புதுசா எதுவும் வராது.

என்ன செட்டிங்ல ஏத்துறது? ஃபைல் எவ்ளோ பெருசு வரும்?

படம் 720-க்கு 576 புள்ளி, 25 ஃப்ரேம், இன்டர்லேஸ்டு (ரெண்டு ஃபீல்டயும் கலக்காம அப்படியே), கலர் அளவு 4:2:2. விர்ச்சுவல்டப்ங்கிற சாஃப்ட்வேர்ல ஏத்துறது எனக்குப் புடிச்ச முறை, லினக்ஸ் தெரிஞ்சவங்க நேரா எஃப்எஃப்எம்பெக்லயே ஏத்தலாம், அது கமாண்ட் அடிச்சு ஓட்டுற சாஃப்ட்வேர். கோடெக், அதாவது படத்த அமுக்கி சேமிக்கிற முறை, எஃப்எஃப்வி1. அமுக்காம அப்படியே எடுத்தா மணிக்கு கிட்டத்தட்ட 75 ஜிபி ஆகும், எஃப்எஃப்வி1 ஒரு துளி கூட இழக்காம அத பாதியளவுக்கு, சமயத்துல அதுக்கும் கீழ கொண்டு வந்துரும். இதுக்குப் பேர் மாஸ்டர். இத வெட்டக் கூடாது, கலர் மாத்தக் கூடாது, கறை எடுக்கக் கூடாது, கீழ்ப் பக்கம் நெளியுற அந்த ஒரு கோடு கூட அப்படியே இருக்கணும். குடும்பத்துக்கு வாட்ஸ்அப்ல அனுப்ப, டிவியில பாக்க எல்லாம் அதுலருந்து ஹெச்.264 காப்பி ஒண்ணு போட்டுக்கலாம், மணிக்கு 2, 3 ஜிபி. காப்பி போடும்போது டீஇன்டர்லேஸ் பண்ணி, அதாவது ஒவ்வொரு ஃபீல்டயும் முழு ஃப்ரேமா ஆக்கி, 50 ஃப்ரேமா எடுங்க, அதுக்கு எஃப்எஃப்எம்பெக்ல பிடபிள்யூடிஃப்னு ஒரு ஃபில்டர், பொறும இருந்தா க்யூடிஜிஎம்சின்னு இன்னொன்னு. 25 ஆக்கிட்டா அசைவு பாதி போயிடும், கூத்துல அடவு எல்லாம் வெட்டி வெட்டித் தெரியும்.

நான் எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்றது இதான்: மொதல்ல முழு கேசட்டும் மாஸ்டரா ஏறட்டும், வெட்டுற யோசன எல்லாம் அதுக்கு அப்பறம். இந்த எடம் வேணாம், இது வெறும் பந்திதானேன்னு ஏத்தும்போதே நிறுத்தி நிறுத்தி எடுக்கிறாங்க பாருங்க, அது ரொம்ப வருத்தமா இருக்கும். பந்தியில எல பக்கத்துல ஒக்காந்திருக்கிற ஆளுங்கதான் மேடைக்கே வராத ஆளுங்க, அவங்களுக்கு வேற போட்டோவே இருக்காது.

சீக்கிரமா ஏத்த முடியாதா?

முடியாது. 3 மணி நேர கேசட்னா 3 மணி நேரம் ஓடணும். அதுக்கு முன்னாடி ஹெட்ட சுத்தம் பண்ற நேரம் தனி.

மினிடிவி கேசட்டும் இப்படித்தானா?

இல்ல, அது வேற கதை, நல்ல கதை. அதுல பதிவானதே டிஜிட்டல். ஃபயர்வயர் ஒயர்ல கேமராவுலருந்து அப்படியே ஃபைலா இறக்கணும், மணிக்கு ஏறக்கொறைய 13 ஜிபி. மஞ்சள் ஒயர்ல எடுத்தீங்கன்னா நல்லா இருக்கிற டிஜிட்டல அனலாக் ஆக்கி மறுபடி டிஜிட்டல் ஆக்குறீங்க, தேவையில்லாத நஷ்டம். இன்னொன்னு, ஒவ்வொரு ஃப்ரேமோடயும் எடுத்த தேதி, நேரம் டேட்டாவுல இருக்கும். கேமராவ நிறுத்தி மறுபடி ஆன் பண்ணுன எடமெல்லாம் அந்த நேரத்த வெச்சே தானா பிரிச்சுக் குடுக்கிற சாஃப்ட்வேர் உண்டு, கிளிப் பிரிக்கிற வேலை கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான்.

கல்யாண கேசட்ட தானாவே கிளிப் கிளிப்பா பிரிக்க முடியுமா?

பாதி முடியும். பைசீன்டிடெக்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் எவ்ளோ மாறியிருக்குன்னு கணக்குப் போட்டு, ஒரு அளவ தாண்டுனா அங்க காட்சி மாறுதுன்னு குறிச்சுக்கும். அந்த அளவு சும்மா விட்டா 27. எஃப்எஃப்எம்பெக்லயே கூட இதே மாதிரி ஒரு வசதி இருக்கு, அதுல 0-லருந்து 1 வரைக்கும், 0.4 பக்கத்துல ஆரம்பிச்சுப் பாக்கலாம். கமாண்ட் லைன் பயமா இருந்தா லாஸ்லெஸ்கட்னு ஒண்ணு இருக்கு, மவுசுலயே எல்லாம் பண்ணலாம்.

ஆனா நம்ம ஊரு கல்யாண வீடியோவுக்குன்னு சில சிக்கல் இருக்கு. மொதல்ல ஃப்ளாஷ். போட்டோகாரர் மேடையில ஒவ்வொரு தடவ ஃப்ளாஷ் அடிக்கும்போதும் ஒரே ஒரு ஃப்ரேம் வெள்ளையா போகும், மெஷின் அத காட்சி மாற்றம்னு நெனச்சுக்கும், வரவேற்புல மொய் குடுக்க நிக்கிற வரிசை முழுக்க துண்டு துண்டா வந்து நிக்கும். ஒரு காட்சி கொறைஞ்சது இத்தன வினாடின்னு கட்டுப்பாடு வெச்சா, அதாவது ஒரு 4, 5 வினாடி, பெரும்பாலும் சரியாயிடும். ரெண்டாவது மிக்சிங். பொண்ணு முகம் தாமரப் பூவுக்குள்ளருந்து விரியும், மாப்பிள்ள இதயத்துக்குள்ள சுத்திகினு வருவாரு, அந்தக் காலத்து மிக்சிங் யூனிட் வேலை. இங்க மாற்றம் மெதுவா நடக்கிறதால மெஷினுக்கு வெட்டு எங்கன்னு புரியாது, சமயத்துல ஒரு எஃபெக்டுக்கே மூணு வெட்டு போடும். மூணாவது, லைட் பையன் கூட ஓடிகினே கேமராகாரர் வேகமா திருப்புவாரு, அதுக்கு அடாப்டிவ் டிடெக்டர்னு அதே சாஃப்ட்வேர்ல இருக்கிறத போட்டா தேவல.

முகூர்த்தம் எங்க இருக்குன்னு கண்டுபுடிக்க நான் படத்த பாக்கவே மாட்டேன், சத்தத்தத்தான் பாப்பேன். தாலி கட்டுற நேரத்துல கெட்டிமேளம், கேசட் முழுக்க அதுதான் ஒசந்த சத்தமா இருக்கும், ஒரு அரை நிமிஷம் அடங்காம நிக்கும். எஃப்எஃப்எம்பெக்ல ஈபியுஆர்128-னு ஒரு ஃபில்டர், சத்த அளவ நொடிக்கு பத்து தடவ எழுதிக் குடுக்கும். அந்தப் பட்டியல்ல உச்சி எங்கன்னு தேடுனா போதும், அங்கருந்து பத்து நிமிஷம் முன்னாடி, பத்து நிமிஷம் பின்னாடி எடுத்தா முகூர்த்தம் முழுசா மாட்டும். எடிட் பண்ணுனவரு சினிமா பாட்ட மேல ஏத்தி ஒரிஜினல் சத்தத்த அழிச்சிருந்தா இது வேலைக்காகாது, ஆனா பெரும்பாலும் கெட்டிமேளத்த மட்டும் அப்படியே விட்டு வெச்சிருப்பாங்க.

அமைதியான எடத்த தேடி வெட்டுற சைலன்ஸ்டிடெக்ட் அப்படியே போட்டா விஹெச்எஸ்ல ஒண்ணும் கெடைக்காது. அது மைனஸ் 60 டெசிபல் கீழ போனாத்தான் அமைதின்னு எடுத்துக்கும், பழைய டேப்ல இருக்கிற இரைச்சலே அதுக்கு மேல. மைனஸ் 35 பக்கம் வெச்சுப் பாருங்க.

கூத்து கேசட் நெறைய இருக்கு, விடிய விடிய எடுத்தது. இதுக்கும் அதே வழியா?

இல்லவே இல்ல. எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான கேசட்டுங்க இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். நம்ம பக்கம் திரௌபதியம்மன் கோயில்ல பாரதம் வெச்சா, வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம்னு ராத்திரிக்கு ஒண்ணா போய் கடைசியில படுகளத்துல முடியும். எண்பது தொண்ணூறுகள்ல ஊர்க்காரங்க காசு போட்டு வீடியோ எடுத்து வெச்சிருக்காங்க. கேமராவ ஒரே எடத்துல நிக்க வெச்சு எடுத்திருப்பாங்க, வெட்டே கெடையாது, அதனால காட்சி மாற்றத்த தேடுற சாஃப்ட்வேர் ஒரு ராத்திரிக்கு ஒரே கிளிப்புன்னு குடுக்கும். கேசட் மாத்துற எடத்துல மட்டும் ஒரு இடைவெளி இருக்கும்.

இங்க வழி காதுதான். ஆடியோவ மட்டும் தனியா எடுத்து ஆடாசிட்டிங்கிற ஆடியோ சாஃப்ட்வேர்ல தொறந்தா அலை வடிவத்துலயே பாட்டு எது, வசனம் எதுன்னு தெரியும். பாட்டு வரும்போது மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணைங்கிற சின்ன ஊது கருவி, பின்பாட்டு எல்லாம் சேர்ந்து இடைவெளி இல்லாம தடிமனா நிக்கும். கதைய சொல்லி சிரிக்க வெக்கிற கட்டியங்காரன் பேச ஆரம்பிச்சா நடுவுல நடுவுல பள்ளம் பள்ளமா விழும், சிரிப்புச் சத்தம் வர்ற எடம் சின்னச் சின்ன மேடா இருக்கும். ஸ்வரத்தோட ஒசரத்த படமா காட்டுற ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாத்துனா முகவீணை மேல தனிக் கோடா தெரியும், அது ஒசந்த ஸ்வரத்துல போற கருவி. வேஷம் திரைக்குப் பின்னாடி வந்து நின்னு திரை விருத்தம் பாடுற எடத்த அந்தக் கோட்ட வெச்சே புடிச்சிடலாம்.

இப்ப கூத்து வாத்தியாரையோ, அந்த ஜமாவுல, அதாவது கூத்துக் குழுவுல, இருந்த ஒரு பெரியவரையோ பக்கத்துல ஒக்கார வெச்சிக்குங்க. நீங்க ஆடாசிட்டியில ஒவ்வொரு துண்டயும் செலக்ட் பண்ணி லேபிள் போடுங்க, பேர அவர் சொல்லுவாரு: இது துரியோதனன் தர்பாரு, இது இன்னாரு கட்டுன வேஷம், இந்தப் பாட்டு இந்த ராகம். லேபிள எக்ஸ்போர்ட் பண்ணா ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரும், ஒவ்வொரு வரியிலயும் ஆரம்ப வினாடி, முடிவு வினாடி, பேரு. அந்த ஃபைல வரி வரியா படிச்சு எஃப்எஃப்எம்பெக்குக்கு குடுக்கிற ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் போதும், ராத்திரி படுக்கப் போகும்போது ஓட விட்டா காலையில எல்லா கிளிப்பும் பேரோட தனித்தனியா இருக்கும். வெட்டுறத மெஷின் செய்யட்டும். பேர் வெக்கிறத அது செய்யாது, அதுக்கு அந்தப் பெரியவர் வேணும், அவருக்கு கண்ணு தெரியுற வரைக்கும் காது கேக்குற வரைக்கும்தான் நமக்கு நேரம்.

ஏஐ வந்துருச்சே, பேசுறத எழுதிக் குடுக்காதா, முகத்த கண்டுபுடிக்காதா?

உதவி செய்யும், நம்பி விட்டுறாதீங்க. ஓப்பன்ஏஐ 2022-ல வெளியிட்ட விஸ்பர்ங்கிற சாஃப்ட்வேர் பேசுற தமிழ எழுத்தாக்கும். ஒருத்தர் மைக்ல பேசுற பேட்டி, பட்டிமன்றம், கூட்டம்னா தேடுறதுக்கு போதுமான அளவு வரும், எந்த நிமிஷத்துல எந்த ஊர்ப் பேரு வருதுன்னு தேடி அங்க கிளிப் வெட்டலாம். நாதஸ்வரமும் ஜெனரேட்டர் சத்தமும் கலந்த எடத்துல, யாரும் பேசாத வாக்கியத்த அதுவே எழுதி வெக்கும். எழுதுனத ஒரு ஆள் கேட்டு சரி பாக்காம எங்கயும் போடாதீங்க.

முகத்துக்கு, கிளிப்புக்கு ஒரு படம் எடுத்து டிஜிகேம்ங்கிற போட்டோ சாஃப்ட்வேர்ல போட்டா ஒரே மாதிரி முகத்த ஒண்ணா சேர்க்கும். விஹெச்எஸ் மங்கல்ல அண்ணன் தம்பிய ஒரே ஆளா ஆக்கிடும், ஆனாலும் வேலைய பாதியா கொறைக்கும். கேமரா படத்து மேலயே தேதிய பதிச்சிருந்தா அந்த மூலைய மட்டும் வெட்டி எழுத்துணரி மென்பொருளுக்கு குடுத்து, தேதி மாறுற எடத்துல பிரிக்கலாம். அந்தத் தேதி உண்மைதானான்னும் பாருங்க, கடிகார பேட்டரி போன கேமரா எல்லா விழாவையும் ஜனவரி 1-ந் தேதியில நடத்தி வெக்கும்.

தேதியே இல்லாத கேசட்ட எந்த வருஷம்னு எப்படி சொல்றது?

படத்துக்குள்ளயே தேடணும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழான்னா வைகாசி 1, மாசமும் நாளும் கெடைச்சாச்சு, வருஷம் மட்டும்தான் பாக்கி. ரோட்டுல போற பஸ்ஸ நிறுத்திப் பாருங்க. பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம்னு எழுதியிருந்தா, அரசு பஸ் கழகங்களுக்கு வெச்சிருந்த தலைவர்கள் பேர 1997-ல எடுத்துட்டாங்க, அதனால அதுக்கு முன்னாடியோ அந்த வாக்குலயோ எடுத்தது. செவுத்துல சினிமா போஸ்டர், தேர்தல் சின்னம், கடை போர்டுல போன் நம்பர் எத்தன இலக்கம், எல்லாம் சாட்சிதான். கண்டுபுடிச்சத கிளிப்போட பேர்லயே எழுதுங்க: வருஷம் மொதல்ல, அப்பறம் மாசம், ஊரு, விழா, கேசட் நம்பர். வருஷம் உறுதியில்லன்னா சுமார்னு சேர்த்து எழுதுங்க.

வெட்டுன கிளிப் ஆரம்பத்துல படம் நின்னு போகுது, என்ன காரணம்?

ஹெச்.264 காப்பிய மறுபடி என்கோட் பண்ணாம வெட்டியிருப்பீங்க. அதுல முழுப் படம் எப்பவாவது ஒண்ணுதான் இருக்கும், நடுவுல இருக்கிறதெல்லாம் என்ன மாறுச்சுங்கிற குறிப்பு மட்டும்தான். சாதாரண செட்டிங்ல 250 ஃப்ரேமுக்கு ஒண்ணு, அதாவது 50 ஃப்ரேம் காப்பியில 5 வினாடி, 25 ஃப்ரேம்னா 10 வினாடி வரைக்கும் தள்ளிப் போகலாம். எஃப்எஃப்வி1 மாஸ்டர ஒவ்வொரு ஃப்ரேமும் தனி ஃப்ரேமா இருக்கிற மாதிரி ஏத்தியிருந்தா எங்க வேணா இழப்பில்லாம வெட்டலாம். அதுலருந்து வெட்டிட்டு அப்பறம் சின்ன ஃபைலா மாத்துங்க.

ஏஐ போட்டு 4கே ஆக்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு, பண்ணலாமா?

காப்பியில பண்ணுங்க, உங்க இஷ்டம். மாஸ்டர்ல வேணாம். அந்த சாஃப்ட்வேர் இல்லாத விவரத்த யூகிச்சு வரையும், தூரத்துல நிக்கிற தாத்தாவோட கண்ணு மூக்கு எல்லாம் அது எங்கயோ பாத்த முகமா மாறிடும். இருக்கிறதே அந்த ஒரு அசைவுப் படம்தான்னா, மங்கலா இருந்தாலும் அவர் முகமே இருக்கட்டும்.

யூடியூப்ல போடலாமா?

கல்யாண வீடியோவுல சினிமா பாட்டு இருந்தா கம்பெனி உரிமை கேட்டு சத்தத்த நிறுத்தலாம், தடுக்கவும் செய்யலாம். கூத்துன்னா மொதல்ல அந்த ஜமாகிட்டயும் கோயில்காரங்ககிட்டயும் கேளுங்க. அவங்க பொழப்பே அந்த ஆட்டம். போடும்போது வாத்தியார் பேரு, வேஷம் கட்டுனவங்க பேரு, ஊர்ப் பேரு எல்லாத்தையும் கீழ எழுதுங்க.

எதுல சேமிச்சு வெக்கிறது?

மூணு காப்பி, ரெண்டு வகையான சாதனத்துல, அதுல ஒண்ணு வேற வீட்டுல. ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல மாஸ்டர், ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு தங்கச்சி வீட்டுல, சின்ன காப்பி க்ளவுட்ல, இது போதும். பென் டிரைவ நம்ப வேணாம், வீட்டுல எழுதுன டிவிடியயும் நம்ப வேணாம், சாயம் வெளுத்துப் போச்சுன்னு கொண்டு வர்றவங்க நெறைய பேர். ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்டி5, அதாவது ஃபைல் மாறுனா தானும் மாறுற ஒரு சோதனை எண், எழுதி கூடவே வையுங்க, வருஷத்துக்கு ஒரு தடவ சரி பாத்தா எது கெட்டுச்சுன்னு ஒடனே தெரியும்.

கடையில குடுத்து மாத்துனா என்ன கேக்கணும்?

மாஸ்டர் ஃபைல் குடுப்பீங்களா, டிபிசி இருக்கா, எங்க கேசட் கைக்கு திரும்ப வருமா, வெளியூருக்கு அனுப்புவீங்களா. இந்த நாலும் கேளுங்க. குடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கேசட்டயும் லேபிளோட போட்டோ எடுத்து வெச்சிக்குங்க.

எல்லாம் ஏத்தியாச்சு, கேசட்ட தூக்கிப் போட்டுடலாம்னு அக்கா சொல்றாங்க, போட்டுடலாமா?

அக்காகிட்ட ஒரு அட்டப் பெட்டி எடம் கேளுங்க. விஹெச்எஸ் டீகோட்னு ஒரு முயற்சி நடந்துகினு இருக்கு, விசிஆர் ஹெட்டுலருந்து வர்ற ரேடியோ சிக்னலயே நேரா புடிச்சு படத்த கம்ப்யூட்டர்லயே உருவாக்குறாங்க, நம்ம ஒயர் வழியா எடுத்தத விட நல்லா வர்ற கேசட்டுங்க உண்டு. அதுக்கு ஒரிஜினல் வேணும். முதுகுப் பக்கம் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் தாழ்ப்பாள ஒடைச்சு விட்டுருங்க, யாரும் மேல பதிய முடியாது. முழுசா ரீவைண்ட் பண்ணி, டப்பாவுல போட்டு, நிமிர்த்தி, பீரோவோட கீழ்த் தட்டுல வையுங்க, ஸ்டெபிலைசர் ஸ்பீக்கர் பக்கம் வேணாம். ஃபைல்ல என்ன நம்பர் போட்டீங்களோ அதே நம்பர பென்சில்ல லேபிள்ல எழுதிடுங்க.